சுகர் நார்மல், பிரஷர் நார்மல்

மஞ்சப்பைக்குள் ரிப்போர்ட்டுகள்

ஓசூர் கிளினிக் ஒன்றில் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் மஞ்சப்பையைக் கவிழ்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, வயிற்று ஸ்கேன். எல்லாம் நார்மல். "உடம்பெல்லாம் அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கு சார். களி தொண்டையில இறங்கல. விடியக்காலம் மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது." சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுகிறார்கள். ராகி விளைந்த நிலத்தில் இப்போது கம்பெனி நிற்கிறது, மகன் அத்திப்பள்ளி தாண்டி ஷிப்டுக்குப் போய்விடுகிறான் என்பதெல்லாம் அவர் வாயில் வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

முதுமையில் மனச்சோர்வு பலருக்கு அழுகையாக வருவதில்லை. வலி, பசியின்மை, மலச்சிக்கல், எதிலும் பிடிப்பில்லாமை என்று உடம்பு வழியாகவே வெளிப்படுகிறது. மறதிநோய் என்று தோன்றுமளவுக்குச் சிலருக்கு ஞாபகம் தடுமாறும். தைராய்டு, பி12 குறைந்தாலும் இதே சோர்வு வரும் என்பதால் பரிசோதனைகள் வீணல்ல. 'ஒண்ணுமில்ல, வயசானா அப்படித்தான்' என்று அதோடு முடித்துவிடுவதுதான் கோளாறு.

பத்தில் ஒன்பது நழுவுகிறது

2017-18இல் நாடு முழுதும் நடந்த முதியோர் ஆய்வில், அறுபது கடந்தவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருக்கக்கூடும் எனத் தெரிந்தது. மருத்துவர் கண்டுபிடித்துச் சொன்னதாகக் கூறியவர்களோ 0.8 சதவீதம்தான்.

வீடு தேடி மருந்து தரும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது, ஓசூர் இருக்கும் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர் மாத்திரை வீட்டுத் திண்ணைக்கே வருகிறது. அதே திண்ணையில் இரண்டு கேள்வி கேட்க எவ்வளவு நேரமாகும்? இந்த இரண்டு வாரத்தில் மனசு சோர்ந்தே கிடந்ததா, எதிலும் நாட்டமில்லாமல் போனதா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும், ஆம்-இல்லை என்று பதில் சொல்லும் பதினைந்து கேள்விப் பட்டியல் முதியவர்களுக்கென்றே இருக்கிறது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவரிடம் அந்த மொழியிலேயே கேட்க வேண்டும். 'மனசு பாகலேது' (மனசு சரியில்லை) என்று தெலுங்கில் சொல்வதைத் தமிழில் சொல்ல அவருக்கு வராமல் போகலாம்.

மனச்சோர்வு மாத்திரை தூக்க மாத்திரையல்ல

பேச்சுச் சிகிச்சையும் மருந்தும் இந்த வயதிலும் பலன் தரும். மருந்தைக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். குணம் தெரியச் சில வாரம் பிடிக்கும். முதல் வாரங்களில் சிலருக்குச் சோடியம் குறைந்து குழப்பமோ தள்ளாட்டமோ வரும். அப்போது ரத்தம் பார்க்க வேண்டும். தேறியதும் தாமாக நிறுத்தினால் திரும்ப வர வாய்ப்புண்டு.

"சாமி இன்னும் கூப்பிடலையே" என்று தாத்தா சிரித்துக்கொண்டே சொன்னாலும் பக்கத்தில் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ஓசூரிலிருந்து பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை பஸ் தூரம்தான். எந்த நேரத்திலும் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் டெலி மானஸ் ஆலோசகர் இருப்பார்; கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.