மீரியபெத்தவுக்கு மேலே ஒரு நிமிடம்

2009 செப்டம்பர் 30, இலங்கை நேரப்படி பகல் 12.44. தேயிலைத் தோட்டங்களில் பகல் கொழுந்து நிறுத்து, பெண்கள் சாப்பாட்டுக்கு லயத்து வீடுகளின் பக்கம் இறங்குகிற வேளை. கசகஸ்தானின் பைக்கனூரில் அந்த நிமிடத்தில் சோயுஸ் டிஎம்ஏ-16 கிளம்பியது. உள்ளே மூன்று பேர். தளபதி ரஷ்யரான மெக்சிம் சுராயெவ். அடுத்தவர் அமெரிக்கர் ஜெஃப்ரி வில்லியம்ஸ். மூன்றாமவருக்கு விண்வெளி தொழில் அல்ல. கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த கீ லாலிபெர்டே, தெருவில் பொய்க்கால் கட்டி நடந்தும் வாயால் நெருப்பு ஊதியும் பிழைப்பைத் தொடங்கியவர். பின்னர் ‘சேர்க் து சொலேய்’ என்ற சர்க்கஸ் நிறுவனத்தை உருவாக்கிப் பெரும் செல்வந்தரானார். கையிலிருந்து பணம் கட்டி, பல மாதங்கள் பயிற்சி பெற்று, சுற்றுலாப் பயணியாக ஏறியிருந்தார்.

ஒன்பது நிமிடங்களுக்குள் மூவரும் மிதக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மேலே போய்விட்டால் பூமி நம்மை விட்டுவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பூமி விடுவதில்லை. சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் 400 கிலோமீற்றர் உயரத்திலும் ஈர்ப்பு விசை தரையில் இருப்பதில் நூற்றுக்கு 89 பங்கு இருக்கிறது. அப்படியானால் மிதப்பது எப்படி?

இதை விளக்க நியூட்டன் ஓர் உயர்ந்த மலையையும் அதன் உச்சியில் ஒரு பீரங்கியையும் கற்பனை செய்தார். அந்தப் பீரங்கியை நாம் ஊவாவின் தம்பேதென்ன தோட்டத்துக்கு மேலே, லிப்டன் சீட்டில் நிறுத்திப் பார்க்கலாம். தெற்கே மலை சட்டென்று இறங்கிச் சமவெளி விரிகிற இடம் அது. குண்டைக் கிடையாகச் சுட்டால் கொஸ்லந்தைப் பக்கம் எங்காவது விழும். வேகத்தைக் கூட்டினால் அம்பாந்தோட்டையைத் தாண்டிக் கடலில் விழும். காற்றின் தடையை மறந்துவிட்டு, வினாடிக்கு ஏறக்குறைய 8 கிலோமீற்றர் வேகம் கொடுங்கள். கைவிட்ட எந்தப் பொருளும் முதல் வினாடியில் 5 மீற்றர் அளவு விழுகிறது. பூமி உருண்டை என்பதால் அதன் மேற்பரப்பும் 8 கிலோமீற்றருக்கு 5 மீற்றர் கீழே வளைகிறது. குண்டு எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு தரையும் விலகிக்கொடுக்கிறது. விழுந்துகொண்டே இருக்கும், தரையைத் தொடாது. பூமி சுழலாமல் நின்றால், தென்துருவம், வடதுருவம் இரண்டையும் சுற்றி ஒன்றரை மணித்தியாலத்துக்குள் நுவரெலியாப் பக்கமாக வந்து பீரங்கியின் முதுகிலேயே மோதும்.

சோயுஸ் செய்வதும் இதைத்தான். ரொக்கெட் நேர் மேலே எழும்புவது அடர்ந்த காற்றைக் கடக்கத்தான். பிறகு சாய்ந்து, எரிபொருளில் பெரும்பகுதியைப் பக்கவாட்டு வேகத்துக்கே செலவழிக்கிறது. கலமும் உள்ளே இருப்பவர்களும் ஒரே வேகத்தில் விழுவதால் அவர்களைத் தாங்கத் தரை என்று ஒன்று இல்லை. கோடீஸ்வரரும் அந்த விழுதலுக்கு உட்பட்டவர்தான்.

நிலையத்தை எட்டிப்பிடிக்க அன்று இரண்டு நாட்கள் ஆயின. தாழ்வான பாதையில் சுற்றுகிற கலம் உயரத்தில் சுற்றுவதைவிட வேகமாகப் போகும். அதனால் நிலையத்துக்குக் கீழே சுற்றியபடியே இடைவெளியைக் குறைத்து, கடைசியில் மேலேறி, ஒக்டோபர் 2 அன்று இணைந்தார்கள். ஒக்டோபர் 9 அன்று லாலிபெர்டே, 14 நகரங்களின் கலைஞர்களை இணைத்து, குடிநீர் பற்றிய ஒரு நிகழ்ச்சியை அங்கிருந்து நடத்தினார். 11ஆம் திகதி வேறொரு சோயுஸில் தரை இறங்கினார். சுராயெவும் வில்லியம்ஸும் வேலையைத் தொடர மேலேயே தங்கினார்கள்.

நிலையத்தின் பாதை பூமத்திய ரேகைக்கு 51.6 பாகை சாய்ந்தது. ஆகவே ஊவா மலைகள் அதன் வழியில்தான் இருக்கின்றன. பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை இலங்கையின் நீளம் முழுவதையும் கடக்க அதற்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் போதும். வானம் வெளுத்திருந்தால் மத்திய மலைநாடு கரும்பச்சைத் திட்டாகத் தெரியும். அந்த உயரத்திலிருந்து வெறுங்கண்ணால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய பொருள் நூறு மீற்றருக்குச் சற்று மேல். மலைச்சரிவின் ஒரு லயம் அதில் அகப்படாது.

2014 ஒக்டோபர் 29 காலை ஏழரை மணியளவில் கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்த தோட்டத்தின் லயங்கள் மீது மலை இறங்கியது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன, பெரியவர்கள் வேலைக்குக் கிளம்பிய நேரம். வீட்டில் இருந்தவர்கள் மண்ணுக்குள் போனார்கள். அன்றைக்கு விண்வெளி நிலையத்தின் தளபதி, லாலிபெர்டேயை அழைத்துப்போன அதே சுராயெவ். அவர் ஜன்னலோரம் நின்றிருந்தாலும், மழை கொட்டுகிற மலைக்கு மேலே மேகத்தைத்தான் பார்த்திருப்பார். அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்கள் அதே லயங்களில்தான் தொடர்ந்து வாழ்ந்தார்கள். இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை.

மேகத்தைத் துளைக்கும் கண்கள் அந்த ஆண்டிலேயே மேலே போயின. ஐரோப்பாவின் சென்டினல்-1ஏ செய்மதி ஏப்ரலிலும், ஜப்பானின் அலோஸ்-2 மே மாதத்திலும் ஏவப்பட்டன. இரண்டிலும் ஆள் இல்லை. தாமே ராடார் அலையை அனுப்பி, எதிரொலியை வாங்குவதால் இரவும் மழையும் அவற்றுக்குத் தடையில்லை. முன்னது 12 நாளுக்கு ஒருமுறையும் பின்னது 14 நாளுக்கு ஒருமுறையும் அதே பாதைக்குத் திரும்பும். ஒரு தடவை வந்த எதிரொலியை அடுத்த தடவையோடு ஒப்பிட்டால், நிலம் சில சென்ரிமீற்றர் நகர்ந்திருந்தாலும் வெளிப்படும். தேயிலையும் மரமும் அடர்ந்த சரிவில் சென்டினலின் குறுகிய அலை இலைகளிலேயே சிதறிவிடலாம்; அலோஸின் 24 சென்ரிமீற்றர் அலை இலைகளை ஊடுருவி மண்ணை எட்டும். பெரிய சரிவுகள் பல, ஒரேயடியாக இறங்குவதற்கு முன் மாதக்கணக்கில் மெல்ல ஊர்வதுண்டு. அந்த ஊர்வைத்தான் இந்தக் கலங்கள் அளக்கின்றன. கிடுகிடுவென்று இறங்கும் மண்ணை அவற்றால் பிடிக்க முடியாது. அதற்கு மலையில் மழைமானியும், நிலத்தில் புதிதாக விழுந்த வெடிப்பை அன்றே பார்த்துச் சொல்லும் ஆளும் வேண்டும். சொன்ன அன்றே குடும்பங்கள் போய்ச் சேர வீடுகளும் வேண்டும்.