பென்குயின் குஞ்சுகள் கடலில் மூழ்கியது ஏன்? அதுக்குத்தான் நீச்சல் தெரியுமே!

பென்குயின்னாலே தண்ணீருக்குள் அம்பு மாதிரி பாயும் காட்சிதான் நினைவுக்கு வரும். அந்தப் பறவையின் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் கடலில் விழுந்து இறந்திருக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் 'பிரிட்டிஷ் அண்டார்டிக் சர்வே' விஞ்ஞானிகள் அறிவித்தபோது, பலருக்கும் எழுந்த கேள்விதான் இது.

நீச்சல் தெரியும். ஆனால் பிறந்த உடனே இல்லை!

பென்குயின்களில் மிகப்பெரியது எம்பரர் பென்குயின். இது பெரும்பாலும் முட்டையிட்டு குஞ்சு வளர்ப்பது நிலத்தில் அல்ல, கரையை ஒட்டி உறைந்து நிற்கும் கடல் பனியின் மேல். மே, ஜூன் மாதங்களில் ஒரே ஒரு முட்டை. அதைத் தந்தையிடம் ஒப்படைத்துவிட்டு, தாய் இரை தேடிக் கடலுக்குப் போய்விடும். அண்டார்டிகாவின் கடும் குளிரில், காலின் மேல் முட்டையை வைத்துக்கொண்டு, எதுவும் சாப்பிடாமல் சுமார் 65 நாள் அப்பா நிற்கும். உடல் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு அதிலேயே கரைந்துவிடும்.

ஆகஸ்ட் வாக்கில் குஞ்சு பொரிக்கும். அதன் மேல் இருப்பது பஞ்சு போன்ற மென்மயிர். குளிரைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. நீர் புகாத இறகு முளைக்க டிசம்பர், ஜனவரி ஆகிவிடும். அதுவரை காலடியில் பனி உடையாமல் இருந்தாக வேண்டும்.

2022-ல் பெல்லிங்ஸ்ஹாசன் கடல் பகுதியில் அந்தப் பனி முன்கூட்டியே உடைந்தது. அங்கிருந்த 5 கூட்டங்களில் 4-ல் ஒரு குஞ்சுகூட தப்பித்திருக்க வாய்ப்பில்லை என்கிறது ஆய்வு.

விண்வெளியில் இருந்து எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

எச்சத்தை வைத்துத்தான்! சிரிப்பு வரலாம், ஆனால் உருப்படியான வழி. வெள்ளைப் பனியில் பென்குயின் எச்சம் பழுப்புக் கறையாகப் படியும். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் அந்தக் கறை தெரிந்தால் கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம். இறகு முளைக்கும் முன்பே கறையும் பனியும் சேர்ந்து காணாமல் போயின. குஞ்சுகள் இறந்ததை யாரும் நேரில் பார்க்கவில்லை. ஆனால் வேறு முடிவுக்கு வர இடமில்லை.

பனி ஏன் உடைந்தது? அண்டார்டிகாவின் கடல் பனி 2014 வரை மெல்ல அதிகரித்துத்தான் வந்தது. 2016-க்குப் பிறகு சரிவு. 2023 பிப்ரவரியில் 17.9 லட்சம் சதுர கி.மீ. என்ற சாதனைக் குறைவைத் தொட்டது. ஒரு வருடச் சரிவுக்குக் காற்றின் போக்கும் காரணமாக இருக்கலாம். ஆனால் புவி வெப்பமடைய வெப்பமடைய கடல் பனி குறையும் என்று காலநிலைக் கணிப்புகள் முன்பே எச்சரித்திருந்தன.

சரி, வேறு இடத்துக்குப் போய்விடலாமே? போகும். ஹேலி பே என்ற இடத்தில் 2016-ல் பனி உடைந்தபோது, பல பறவைகள் சுமார் 55 கி.மீ. தள்ளி டாசன்-லாம்ப்டன் பகுதிக்குக் குடிபெயர்ந்தன. அங்கே பனி நிலைத்திருந்ததால் அது முடிந்தது. 2022-ல் நிலைமை அப்படி இல்லை. அக்கம்பக்கத்து இடங்களிலும் பனி போய்விட்டது. 5 கூட்டங்களில் குஞ்சுகளை வளர்த்து ஆளாக்கியது, வடக்கே ரோத்ஸ்சைல்ட் தீவில் இருந்த கூட்டம் மட்டும்தான்.