முதலில் வலை வாங்குங்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சினிலோ மின்னசோட்டாவிலோ மஸ்கி மீன் பிடிக்கக் கற்றுக்கொள்ள வரும் ஒருவர், எந்த ராடு வாங்கலாம் என்று விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டால், முதலில் வலையைப் பற்றித்தான் சொல்வார்கள். வாய் அகன்று, பை ஆழமாக, ரப்பர் பூசிய பெரிய வலை. அடுத்து நீண்ட மூக்குக் குறடு, தூண்டில் முள்ளையே நறுக்கிப் போடும் கட்டர், நீளம் பார்க்கும் அளவுப் பலகை. ராடும் ரீலும் அதற்கப்புறம்தான். முக்கால் நூற்றாண்டுக்கு முன் இதே ஏரிகளில் புதியவரின் கைக்கு வந்தவை வேறு: மீனைக் குத்தித் தூக்கும் கொக்கி, மண்டையில் அடிக்க ஒரு கட்டை. சில படகுகளில் கைத்துப்பாக்கியும் இருந்தது.

துப்பாக்கி என்றது மிகையல்ல. மஸ்கி நான்கடிக்கு மேல் வளரக்கூடிய நன்னீர் வேட்டை மீன். நீண்டு தட்டையான மூக்கு, வாய் கொள்ளாத பற்கள். வாயில் மாட்டிய மும்முள் தூண்டிலோடு அது படகுக்குள் துள்ளினால் ஆளின் கையையும் காலையும் கிழித்துவிடும். அந்தப் பயத்தில், படகோரம் வந்ததுமே தலையில் சுட்டுவிட்டு உள்ளே இழுத்துப் போடுவார்கள். 1960களின் நடுப்பகுதி வரை விஸ்கான்சின் சட்டம் அதைத் தடுக்கவில்லை.

அந்தக் காலத்தின் உச்சம் 1949. விஸ்கான்சினின் ஹேவர்ட் ஊரைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் ஒரே ஆண்டில் இரண்டு உலக சாதனைகள். ஜூலையில் கால் ஜான்சன் என்பவர் லகூட்ரே ஏரியில் முப்பது கிலோவைத் தாண்டிய மஸ்கியைப் பிடித்தார். அக்டோபரில் சிப்பவா நீர்த்தேக்கத்தில் லூயி ஸ்ப்ரே அதைவிட ஒரு கிலோ கூடுதலான மீனைக் கொண்டுவந்தார். இரண்டில் எது உண்மையான சாதனை என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. ஹேவர்டில் இன்று நன்னீர் மீன்பிடி அருங்காட்சியகம் இருக்கிறது. நான்கு மாடி உயர ஃபைபர் மஸ்கி ஒன்றின் வாய்க்குள் ஏறி நின்று, பற்களுக்கு இடையே ஊரைப் பார்க்கலாம். அந்த மீனின் புகழ் ஊருக்கே சோறு போட்டிருக்கிறது.

அன்றைய புதியவருக்கு வெற்றி என்பது ஒரே ஒரு புகைப்படம். விடுதி வாசலில் குறுக்குக் கம்பு, அதில் தாடையில் கயிறு கோத்துத் தொங்கும் மீன்கள், பக்கத்தில் பிடித்தவர். மின்னசோட்டாவின் லீச் ஏரியில் 1955 ஜூலையில், காற்றே இல்லாத புழுக்கமான நாட்களில், மஸ்கிகள் வெறி பிடித்தாற்போல் தூண்டிலைக் கடித்தன. அந்தப் படங்களில் மீன்கள் வரிசை வரிசையாகத் தொங்குகின்றன. அப்போது அவற்றைப் பார்த்துப் பெருமைப்பட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஏரியில் மீன் தீராது என்றே எல்லோரும் நம்பிய காலம் அது. ஆனால் மஸ்கி எக்காலத்திலும் அரிய மீன்தான். நல்ல ஏரியிலும் ஏக்கருக்கு ஒரு பெரிய மீன் தேறாது. பெண் மீன் நாற்பது அங்குலம் வளரப் பத்தாண்டு நெருங்கிவிடும்; ஐம்பது அங்குல மீனுக்கு இருபது வயதுகூட ஆகியிருக்கலாம். அப்படி ஒரு மீனை இழந்த ஏரி அந்த இடத்தை நிரப்ப ஒரு தலைமுறைக் காலம் காத்திருக்க வேண்டும்.

மாற்றம் சட்டத்திலிருந்து தொடங்கவில்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். 1966இல் மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரில் கில் ஹாம் என்பவர் ‘மஸ்கீஸ் இங்க்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார். மீன்குஞ்சு வளர்த்து ஏரியில் விடுவதும், பிடித்த மீனைத் திருப்பி விடச் சொல்வதும் சங்கத்தின் வேலை. மஸ்கியைப் பிடித்துவிட்டு விடுவதா என்று கேட்டவர்கள் அன்று ஏராளம். சங்கம் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தது. விட்ட மீன்களைப் பதிவு செய்தது, விட்டவர்களைப் பாராட்டியது. சட்டம் பின்னால் நடந்து வந்தது. இன்று விஸ்கான்சினில் பெரும்பாலான நீர்நிலைகளில் நாற்பது அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியை வைத்துக்கொள்ள முடியாது. மின்னசோட்டாவில் 2015 முதல் பொதுவான அளவு ஐம்பத்து நான்கு அங்குலம். அந்த அளவை எட்டும் மீனே அபூர்வம். எட்டினாலும் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

கருவிகளும் மாறின. அன்றைய ராடு ஐந்தரை, ஆறடி, வளையவே வளையாது. டாக்ரான் நூல், சுற்றச் சுற்றக் கை ஓயும் சின்ன ரீல், மரத்தில் செதுக்கிய பொய் இரை. அவற்றில் சூயிக் என்ற மரத்துண்டு இன்றும் விற்கிறது. வாலில் ஒரு தகடு. அதை வளைக்கும் அளவைப் பொறுத்து ஆழம் மாறும். இன்று ராடு எட்டரை முதல் ஒன்பதரை அடி. எண்பது, நூறு பவுண்டு தாங்கும் பின்னல் நூல். ராடு நீண்டது தூர வீசுவதற்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பலன் படகோரத்தில்தான் தெரியும்.

மஸ்கி இரையைக் கண்டதும் பாய்ந்துவிடாது. பல நேரம் பின்னாலேயே வரும், படகு வரைக்கும். புதியவர் அசந்து போவது இங்கேதான். நீருக்கடியில் பழுப்பும் பச்சையுமாக ஒரு நீண்ட உருவம், இரையிலிருந்து ஒரு சாண் தள்ளி, துடுப்புகள் மட்டும் அசைய மிதந்து வரும். கை தானாக நின்றுவிடும். இரை நின்றால் மீன் போய்விடும். அதனால் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும், மீன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், ஒரு முழம் நூலை மிச்சம் வைத்து, ராடு நுனியை நீருக்குள் அமிழ்த்தி 8 என்ற எண்ணை வரைய வேண்டும். வளைவுகள் அகலமாக இருக்க வேண்டும். திருப்பத்தில் கொஞ்சம் வேகம் கூட்ட வேண்டும். நீளமான மீனால் குறுகிய வளைவில் திரும்ப முடியாது. ஆறடி ராடில் அந்த எட்டு நெருக்கமாகத்தான் விழும். ஒன்பதடி ராடில் மீன் நிதானமாகத் திரும்பி வாய் திறக்க இடமிருக்கிறது. பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மஸ்கி என்று பழையவர்கள் சொல்வதுண்டு. எட்டுப் போடத் தெரிந்தவருக்குக் கணக்கு அவ்வளவு மோசமில்லை.

உயிர் இரையிலும் பெரிய மாற்றம். சக்கர் மீனை ஒற்றை முள்ளில் கோத்துப் போட்டு, மஸ்கி அதை விழுங்கி முடிக்கும் வரை புகைபிடித்துக்கொண்டு காத்திருப்பது பழைய முறை. முள் வயிற்றுக்குள் போய்விடும். நூலை அறுத்து விட்டால் மீன் பிழைத்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். விஸ்கான்சினில் நடந்த ஆய்வில் அப்படி விடப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் இறந்தது தெரிந்தது. இன்று மீன் கவ்விய உடனே சுண்டினால் முள் வாயோரத்தில் மாட்டும்படி கோக்கிறார்கள்.

அப்புறம் அந்த வலை. மீனை அதற்குள் வாங்கியதும் தூக்குவதில்லை. வலை நீரிலேயே கிடக்கும், மீன் உள்ளே மூச்சு வாங்கும். முள் எளிதில் கழன்றால் சரி, இல்லையென்றால் கட்டரால் நறுக்கிவிட வேண்டியதுதான். முள்ளின் விலை அற்பம்தான். கேமராவைத் தயாராக வைத்த பிறகே செவுள் மூடியின் உட்புறமாக ஒரு கை, வயிற்றின் கீழே இன்னொரு கை கொடுத்து, கிடைமட்டமாகத் தூக்க வேண்டும். தாடையில் தொங்கவிட்டால் அதன் எடையே முதுகெலும்பையும் உள்ளுறுப்புகளையும் இழுக்கும். சில நொடிகளில் மறுபடி நீர். வாலடியைப் பிடித்து நிமிர்த்தி வைத்திருந்தால், தெம்பு வந்ததும் கையை உதறிக்கொண்டு அதுவே போகும். சுவரில் மாட்ட ஆசையா? நீளமும் சுற்றளவும் படமும் கொடுத்தால் ஃபைபரில் அச்சாகச் செய்து தருகிறார்கள்.

எல்லா மாற்றத்தையும் நான் வரவேற்கவில்லை. 2018இல் கார்மின் நிறுவனத்தின் லைவ்ஸ்கோப் என்ற சோனார் கருவி வந்த பிறகு, ஆழ்நீரில் நிற்கும் ஒற்றை மீனைத் திரையில் பார்த்து அதன் மூக்கின் முன் இரையைப் போட முடிகிறது. யாரும் தேடிப் போகாத நடு ஏரி அந்த மீன்களுக்கு ஒளிவிடமாக இருந்தது. அந்த ஒளிவிடம் இப்போது இல்லை. புதியவர் முதல் சில பருவங்களையாவது திரை இல்லாமல் கழிக்க வேண்டும் என்பேன். செடிகளின் விளிம்பு, பாறைமேடு, காற்று எந்தக் கரையில் மோதுகிறது என்பவை அப்போதுதான் கண்ணுக்குப் பழகும்.

திரையைவிட அவசியமானது ஒரு சாதாரண வெப்பமானி. நடுக்கோடையில் நீர் 27 டிகிரி செல்சியஸைத் தொட்டால், பக்குவமாக விட்ட மஸ்கியும் பிற்பாடு செத்துப் போகலாம். அந்த வாரங்களில் பொறுப்புள்ளவர்கள் மஸ்கிக்குப் போவதில்லை; பாஸ் மீனுக்குப் போகிறார்கள். செப்டம்பரில் ஏரி ஆறத் தொடங்கும். குளிர்காலத்துக்கு முன் பெரிய பெண் மீன்கள் இரை தேடி அலையும் நாட்கள் அவை; புதியவர் எட்டுப் போட்டுப் பழகவும் அதுதான் நல்ல பருவம்.