நான்கெழுத்துச் சில்லு

பழைய விளையாட்டுக் கருவி ஒன்று இயங்க மறுக்குமாயின், அதனுள் பின்னாளில் பொருத்தப்பட்ட மாற்றுச் சில்லின் மீதே முதற்பழி விழுகின்றது. பின்னால் வந்து சேர்ந்தது என்பதொன்றே அதன்மேல் ஐயங்கொள்ளப் போதுமான காரணமாகிவிடுகின்றது. பழுது பார்க்கப் புகுவோர் உடனே பற்றவைக்குங் கோலை எடுத்துச் சில்லைப் பெயர்க்கின்றனர். பழுது தீர்வதில்லை, மின்பலகையின் மெல்லிய செப்புத் தடமுங் கூடவே பெயர்ந்து வருவதுண்டு. கால் நூற்றாண்டைக் கடந்துவிட்ட கருவிக்கு அது பெருந்தீங்கு. ஆதலின், சில்லு செய்வது யாது, செய்யாதது யாது என்பதை முதற்கண் வரையறுத்துக் கொள்ளுதல் நலம்.

சோனி நிறுவனத்தாரின் முதற் பிளேஸ்டேஷனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அக்கருவி 1994 டிசம்பர் 3ஆம் நாள் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது; மறு ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் அடைந்தது. பத்துக் கோடிக்கு மேல் விற்பனையான கருவி அது. அதன் விளையாட்டுகள் குறுவட்டில் வந்தன. குறுவட்டைப் படியெடுத்தல் எளிதாகிவிட்ட காலமாதலால், மூலவட்டையும் படிவட்டையும் பிரித்தறிய நிறுவனத்தார் ஓர் ஏற்பாடு செய்திருந்தனர்.

வட்டின் உள்விளிம்பில், விளையாட்டு தொடங்குமுன் உள்ள பகுதியில், தடமானது சீராகச் செல்லாமல் கண்ணுக்குப் புலனாகாத அளவில் நெளிந்து செல்லும். அந்நெளிவிலே நான்கு எழுத்துகள் பொதிந்துள்ளன. ஜப்பானிய வட்டாயின் எஸ், சி, இ, ஐ. அமெரிக்க வட்டாயின் எஸ், சி, இ, ஏ. ஐரோப்பிய வட்டாயின் எஸ், சி, இ, இ. முதல் மூன்றும் மாறா; கடையெழுத்தே மாறும். பகுதி ஒன்றாயிருக்க விகுதி மட்டும் திரிந்து இடங்காட்டுதல் தமிழாசிரியர்க்குப் புதிதன்று. இங்கே இடமென்பது தன்மை, முன்னிலை, படர்க்கை அன்று, சந்தை. அவ்வளவே வேறுபாடு.

வீட்டுக் கணினியிலுள்ள வட்டெழுதி விளையாட்டு முழுவதையும் படியெடுத்துவிடும். ஆனால், தடத்தை அவ்வாறு நெளியச் செய்ய அதனால் இயலாது. எனவே படிவட்டில் எல்லாம் இருக்கும். நான்கெழுத்து மட்டும் இராது. முறையாக விலைகொடுத்து வாங்கிய பிறநாட்டு வட்டிலோ நான்கெழுத்தும் இருக்கும், கடையெழுத்துப் பொருந்தாது. இரண்டையும் கருவி ஒரேவிதமாய்த் தள்ளிவிடும்.

மாற்றுச் சில்லென்பது எட்டுக் காலுடைய சிறு கட்டுப்பாட்டுச் சில்லு. பிக் 12சி508 என்னும் வகை பெரிதும் வழங்கியது. கருவி எந்தக் கம்பியில் அந்நான்கெழுத்தை எதிர்பார்த்து நிற்கின்றதோ, அந்தக் கம்பியில் அவற்றைத் தானே ஓதுவதுதான் அதன் தொழில். நொடிக்கு 250 துணுக்கு என்னும் நிதானமான வேகம். ஓரெழுத்துக்குத் தொடக்கக் குறியும் முடிவுக் குறிகளுஞ் சேர 11 துணுக்கு. ஆக, நான்கெழுத்துக்கு 44 துணுக்கு. ஒருமுறை ஓதி முடிக்க ஏறத்தாழ 0.18 நொடி. சில்லு வட்டைப் படிப்பதில்லை, படம் வரைவதில்லை, ஒலியைத் தொடுவதுமில்லை. இதனை மனத்திற் கொண்டவர்க்குப் பாதிப் பழுதுகள் தாமே விலகிவிடும்.

கருவியை முடுக்கியதும் தோன்றும் காட்சிகள் இரண்டு. வெண்ணிறப் பின்னணியில் நிறுவனத்தின் சின்னம் வருவது முதற்காட்சி. அது கருவியின் சொந்த நினைவகத்திலிருந்து வருவது. உள்ளே வட்டே இல்லாவிடினும் வரும். கறுப்புப் பின்னணியில் பிளேஸ்டேஷன் சின்னம் வருவது இரண்டாங் காட்சி. நான்கெழுத்து ஏற்கப்பட்டாலன்றி அது வாராது. இவ்விரண்டுக்கும் நடுவேதான் சில்லின் ஆட்சி. கறுப்புக் காட்சி தோன்றியபின் விளையாட்டு நின்றுவிடுமாயின், சில்லு பெரும்பாலும் தன் கடனை முடித்துவிட்டது என்றே கொள்ளல் வேண்டும். வெள்ளைக் காட்சியே தோன்றாவிடின் மின்வழங்கலை நோக்குக. ஆயினும், சில்லின் கம்பியொன்று அறுந்து பிற காலில் உராய்ந்து கருவியையே முடக்குவதும் உண்டு.

அடுத்து வேண்டுவது, கருவியின் நாட்டுக்கே உரிய மூலவட்டு ஒன்று. அதற்குச் சில்லின் துணை வேண்டுவதில்லை. மூலவட்டும் ஓடாவிடின் குற்றம் பெரும்பாலும் லேசர்க் கண்ணிடத்தது. பாட்டுக் குறுவட்டு நன்றாய்ப் பாடுகின்றதே, கண் நலமாய்த்தானே இருக்கின்றது என்று சிலர் வாதிப்பர். அவ்வாதம் நிரம்பாது. பாட்டை ஒற்றை வேகத்திற் படிக்குங் கருவி, விளையாட்டை இரட்டை வேகத்திற் படிக்கின்றது. மேலும், எழுதப்பட்ட படிவட்டு அச்சிட்ட வட்டைவிடக் குறைவாகவே ஒளியைத் திருப்பும். தளர்ந்த கண் மூலவட்டைத் தட்டித்தடவிப் படித்துவிட்டுப் படிவட்டில் மட்டும் தோற்பதனால்தான் பழி சில்லின்மேல் ஏறுகின்றது.

முதல் மாதிரிகளில் இக்கண் ஊர்ந்து செல்லும் பிளாஸ்டிக் தண்டவாளம் நாளடைவில் தேய்ந்து, கண் சாய்ந்துவிடும். மின்வழங்கும் பகுதியின் வெப்பமும் அருகிலேயே இருந்தது. கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்து விளையாடிய பிள்ளைகள் அக்காலத்திற் பலர். பெரியோர் அதனை விளையாட்டுத்தனம் என எண்ணியிருக்கலாம். சாய்ந்த கண்ணை அதன் எடையாலேயே நிலைக்குக் கொணரும் முறை அது! கவிழ்த்தால் ஓடுமாயின், சில்லின் மீது குற்றமில்லை என்பதற்கு அதனினுஞ் சிறந்த சான்று வேண்டா.

படம் நிறமின்றிக் கறுப்பு வெள்ளையாய்த் தோன்றுவதும் சில்லின் குற்றமன்று. பால் முறைக் கருவியில் நொடிக்கு 60 படம் ஓடும் ஜப்பானிய, அமெரிக்க விளையாட்டுகளை இட்டால், நிறத்தைச் சுமக்கும் அலையின் கணக்குப் பிறழ்ந்து தொலைக்காட்சிக்கு நிறம் புலனாகாமற் போகும். மூவண்ணத்தையுந் தனித்தனியே கொண்டுசெல்லும் கம்பி வடத்தை மாற்றினால் தீரும்.

சில்லின் உண்மைப் பழுதுகள் சிலவே. மூலவட்டு ஓடிப் படிவட்டு எதுவும் ஓடாவிடின், முதலிற் சில்லுக்கு மின்சாரம் வருகின்றதா என்று மின்னளவியால் அளக்க, ஏறத்தாழ 3.5 வோல்ட் இருத்தல் வேண்டும். பின்னர் ஈயப்பற்றுகளை ஒவ்வொன்றாக நோக்குக. மங்கிச் சொரசொரப்பாய்த் தோன்றும் பற்றை மீண்டும் சூடேற்றினாற் போதும். ஈரங்கசியும் நம் நாட்டுக் காற்றில், துடைக்காமல் விட்ட பசைக்கறை செம்பை அரித்திருத்தலுங் கூடும். உள்நாட்டுப் படிவட்டு ஓட, பிறநாட்டு மூலவட்டு மட்டும் மறுக்கப்படுமாயின் ஐயம் வேறு. சில்லின் ஒரு கம்பி தன் குரலைச் செலுத்த, இன்னொரு கம்பி வட்டின் சொந்தக் குரலை அடக்க வேண்டும்; அடக்குங் கம்பி அறுந்தால் இருகுரலுங் கலந்து எதுவும் விளங்காது. கருவியைத் திறக்குமுன் சுவர் மின்செருகியைப் பிடுங்கிவிடுதல் இன்றியமையாதது. மின்வழங்கும் பகுதி கருவியின் உள்ளேயே உள்ளது.

மிக நுட்பமான பழுது ஒன்றுண்டு. அது பழுதே அன்று எனலுமாம். முதற்சில்லுகள் கருவி ஓடும் வரை ஓயாமல் ஓதிக்கொண்டே இருந்தன. 1990களின் இறுதியில் வந்த விளையாட்டுகள் சில இதனைப் பிடித்துக்கொண்டன. நெளிவு என்பது உள்விளிம்பில் மட்டுமே உண்டு. விளையாட்டு, கண்ணை வேறிடத்துக்கு நகர்த்தி, அங்கேயும் எழுத்துக் கேட்கின்றதா என்று வினவும். மூலவட்டு மௌனமாயிருக்கும், சில்லோ அங்கும் ஓதும். உடனே கருவி மாற்றப்பட்டிருக்கலாம் என்னும் அறிவிப்போடு விளையாட்டு நின்றுவிடும். ஓயாது பேசியதனாலேயே அகப்பட்ட சாட்சி! அதன்பின் வந்த சில்லுகள் தொடக்கத்தில் மட்டும் ஓதி அடங்கின. அவற்றுக்கு மூடி திறக்கப்பட்டதை அறிவிக்கும் கம்பியும் வேண்டும். 1997இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி ஏழு போன்ற மூன்று வட்டு விளையாட்டில், முதல் வட்டு ஓடி இரண்டாம் வட்டு மறுக்கப்பட்டால் அக்கம்பியையே ஐயுறுக.

இச்சில்லு செய்வது ஒன்றே என்னும் வரையறை நீதிமன்றத்திலும் எடைபோடப்பட்டது. சிட்னியில் இச்சில்லுகளை விற்ற ஒருவர்மீது நிறுவனத்தார் தொடுத்த வழக்கில், ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் 2005 அக்டோபர் 6ஆம் நாள் விற்றவர் பக்கமே தீர்ப்பளித்தது. கருவியின் சோதனை படியெடுத்தலைத் தடுப்பதன்று. முன்னரே படியெடுத்த வட்டை ஓடவிடாமற் செய்வது மட்டுமே என்பது அத்தீர்ப்பின் உட்கிடை. மறு ஆண்டே ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திக் கடுமையாக்கியது. இச்சில்லுகளைப் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், பழைய கருவியைப் பேணுவோர் தம் நாட்டுச் சட்டத்தை அறிந்துகொண்டே புதுச் சில்லை நாடுதல் வேண்டும்.