கயிற்றுக்குள் ஏழு கயிறு

பாராகார்டு என்ற நைலான் கயிற்றில் ஒரு துண்டை எடுத்து, முனையை வெட்டி, மேலுறையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பாருங்கள். உள்ளேயிருந்து வெள்ளை வெளேரென்று ஏழு இழைகள் எட்டிப் பார்க்கும்! அதில் ஒன்றை நகத்தால் பிரித்தால் அதற்குள்ளும் முறுக்கேறிய மெல்லிய புரிகள். மொத்தத் தடிமனே ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர்தான். அதற்குள் இத்தனை கூட்டம் குடியிருப்பதை முதல்முறை பார்க்கிறவர்களுக்குக் கண் விரியும். எனக்கு இன்னமும் விரிகிறது.

அமெரிக்காவில் சிப்பாய்கள், வேட்டைக்காரர்கள், கூடாரம் போட்டுக் காட்டில் தங்குகிறவர்கள், கோடை முகாமுக்குப் போகிற பள்ளிப் பிள்ளைகள் எனப் பலரின் மணிக்கட்டிலும் இருக்கிற அந்தத் தடித்த முடிச்சுப் பட்டை இந்தக் கயிற்றில் பின்னியதுதான். பூட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் பக்கிள். வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவுதான். உள்ளே நடக்கிற வேலை இருக்கிறதே, அதைப் பார்க்கத்தான் இப்போது போகிறோம். வாருங்கள்!

முதலில் கயிறு பிறக்கிற ஆலை. நியூயார்க் மாநிலத்தில் சவுத் ஒட்செலிக் என்ற சிற்றூரில் கிளாடிங் நிறுவனம் தொடங்கிய ஆண்டு 1816. மாசசூசெட்ஸின் பெப்பரெல் பின்னல் நிறுவனம் 1917இல் வந்தது. கயிறு பின்னுவதில் அந்த ஊர்க்காரர்களுக்கு அத்தனை பழக்கம். ஆலைக்குள் வட்டமான இரும்பு மேடை. அதன்மேல் நூல் சுற்றிய பாபின்கள், பெரும்பாலும் 32. 16 வலப்பக்கமாகச் சுற்றும், 16 இடப்பக்கமாகச் சுற்றும். எதிரெதிரே வருகிறவை மோதிக்கொள்ளாமல், ஒன்று உள்ளே வளைய மற்றது வெளியே வளைய, அலை அலையாக ஒன்றையொன்று கடந்து ஓடும். நம் ஊர்ப் பின்னல் கோலாட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உச்சியிலிருந்து தொங்கும் கயிறுகளைப் பிடித்தபடி பெண்கள் குறுக்கும் நெடுக்குமாக ஆடி வர, மேலே சடை தானாகப் பின்னிக்கொண்டு இறங்குமே, அதேதான்! ஆடுகிறவர்கள் மட்டும் இரும்பு. வெளியே இந்த ஆட்டம் நடக்கிறபோதே மேடையின் நடுத்துளை வழியாக ஏழு உள்ளிழைகளும் ஒன்றாக எழும்பி வரும். அவற்றைச் சுற்றி உறை பின்னிக்கொண்டே போகும். சில பாபின்களில் பச்சை, சிலவற்றில் பழுப்பு, சிலவற்றில் கருப்பு என்று நிறம் மாற்றி வைத்தால் போதும், மறுபக்கம் காட்டுப் புள்ளி போட்ட ராணுவக் கயிறு வெளியே வருகிறது. சாயம் பூசி வரைந்த புள்ளிகள் அல்ல, எல்லாம் பின்னலிலேயே விழுந்தவை!

இந்தக் கயிற்றின் பூர்வீகம் பாராசூட். 1935இல் டூபாண்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் நைலானை உருவாக்கினார்கள். 1940இல் அது பெண்களின் காலுறையாகக் கடைக்கு வந்து கூட்டத்தைக் கூட்டியது. அப்புறம் போர். ஜப்பானியப் பட்டு வரத்து நின்றுபோக, பட்டு இருந்த இடத்தில் நைலான் உட்கார்ந்தது. பாராசூட் துணியையும் வீரனையும் இணைத்துத் தொங்கவிடுகிற கயிறுகள்தான் நம் பாராகார்டின் மூதாதை. தரையிறங்கிய வீரர்கள் அந்தக் கயிறுகளை அறுத்து எடுத்து வைத்துக்கொண்டு மூட்டை கட்டவும் கூடாரம் இழுத்துக் கட்டவும் பயன்படுத்தினார்கள். அமெரிக்க ராணுவத் தரக்குறிப்பில் மூன்றாம் வகை என்று பட்டியலிடப்பட்ட கயிறு குறைந்தது 550 பவுண்டு, அதாவது சுமார் 250 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். கடைகளில் இன்றும் எல்லாரும் "550 கார்டு" என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள்.

விண்வெளிக்கும் போய் வந்திருக்கிறது இந்தக் கயிறு! 1997 பிப்ரவரியில் ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுது பார்க்க டிஸ்கவரி விண்கலத்தில் போனவர்கள், அதன் வெப்பக்காப்புப் போர்வை பல இடங்களில் கிழிந்திருந்ததைக் கண்டார்கள். கலத்தில் கையிருப்பாக இருந்த பொருள்களை வைத்தே ஒட்டுப் போட்டார்கள். அந்தப் பொருள்களில் பாராசூட் கயிறும் ஒன்று.

இப்போது பின்னுகிறவரின் மேசைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒரு மரப்பலகை, அதில் நகர்த்தி வைக்கக்கூடிய இரண்டு பிடிகள். பக்கிளின் இரு பாதிகளையும் அவற்றில் மாட்டி, வேண்டிய நீளத்துக்கு இழுத்து நிறுத்தலாம். இதை ஜிக் என்பார்கள். பக்கத்தில் அளவு நாடா, கூரான கத்தரிக்கோல், லைட்டர், நுனி மெல்லிய குறடு ஒன்று, கயிற்று முனையை உள்ளே திருகி மாட்டிக்கொள்கிற பொந்து ஊசி ஒன்று. மேசைக்கடியில் வெந்நீர்ப் பாத்திரம் இருந்தால் வியக்காதீர்கள்! புது நைலான் கயிறு நனைந்தால் சுருங்கும். பின்னிய பிறகு சுருங்கினால் பட்டை கையை இறுக்கும். அதனால் விவரமறிந்தவர்கள் முதலிலேயே சுடுநீரில் ஊறவைத்து, உலர்த்தி, பிறகுதான் அளக்கிறார்கள்.

அளவில் ஓர் அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது. மணிக்கட்டு 17 செ.மீ. என்றால் பட்டையையும் 17 செ.மீ. என்று பின்னக்கூடாது. பட்டை ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அதை வட்டமாக வளைத்தால் உட்புறச் சுற்றளவு நடுக்கோட்டைவிட 25 மில்லிமீட்டர் குறைந்துவிடும். அதனால்தான் எல்லாரும் மணிக்கட்டு அளவோடு ஓர் அங்குலம் கூட்டிக்கொள்கிறார்கள். தடிமனான பின்னல் என்றால் இன்னும் கூடுதலாக. பட்டையின் ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி கயிறு பிடிக்கும். மூன்று மீட்டர் எடுத்துக்கொண்டால் கவலையில்லாமல் பின்னலாம்.

சரி, பின்னல்! கயிற்றை இரண்டாக மடித்து, நடுமடிப்பைப் பக்கிளின் ஒரு பாதியில் நுழைத்து, இரு முனைகளையும் அந்த மடிப்புக்குள்ளேயே விட்டு இழுத்தால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். முனைகளை மறுபாதிப் பக்கிள் வரை கொண்டுபோய் அதன் கண்ணில் நுழைத்து, அளவு பார்த்து நிறுத்துங்கள். நடுவே இரண்டு கயிறுகள் பாலம் போட்டு நிற்கும். மீதிக் கயிறு இடமும் வலமுமாகத் தொங்கும். இனி ஒரே ஒரு முடிச்சுதான். இடக்கயிறு பாலத்தின் மேலே குறுக்காகப் போகட்டும். வலக்கயிறு அதன்மேல் விழுந்து, பாலத்துக்கு அடியில் புகுந்து, இடப்பக்கம் இருக்கும் வளையத்துக்குள் மேலேறட்டும். இழுங்கள். அடுத்தது இதற்கு நேர்மாறு: வலப்பக்கத்திலிருந்து மேலே, இடப்பக்கத்திலிருந்து கீழே. இழுங்கள். இவ்வளவுதான் முழு வித்தையும்!

இதற்கு நாகப்பின்னல் என்ற பொருளில் கோப்ரா என்று பெயர். சாலமன் பட்டை என்றும் சொல்வார்கள். கப்பல்காரர்களும் மேக்ரமே பின்னுகிறவர்களும் நெடுங்காலமாகப் போடுகிற முடிச்சுதான். பக்கம் மாற்றாமல் ஒரே பக்கத்திலிருந்து தொடங்கிக்கொண்டே போனால் என்ன ஆகும் தெரியுமா? பட்டை தட்டையாக இருக்காமல் திருகு படிக்கட்டாகச் சுழன்று எழும்பும். அதுவும் ஓர் அழகு, வேண்டுமென்றே அப்படிப் பின்னுகிறவர்கள் உண்டு. தட்டைப் பட்டைதான் வேண்டும் என்றால் பக்கம் மாறியே தீர வேண்டும். நடுவில் எழுந்துபோய் வந்தவர்கள் எந்தப் பக்கம் விட்டோம் என்று தடுமாற வேண்டியதில்லை. கடைசி முடிச்சைப் பாருங்கள். ஒரு விளிம்பில் நெட்டுக்குத்தாகக் கயிறு புடைத்துக்கொண்டு நிற்கும். புடைப்பு இருக்கிற பக்கத்திலிருந்து அடுத்த முடிச்சைத் தொடங்க வேண்டும். பின்னுகிறவர்கள் கண்ணை ஓட்டி ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நல்ல பட்டையையும் சுமாரான பட்டையையும் பிரிப்பது இழுவிசை ஒன்றுதான். ஒவ்வொரு முடிச்சையும் ஒரே அளவு இழுக்க வேண்டும். முதல் பத்து முடிச்சு கடும் இறுக்கம், பிறகு கை களைத்துத் தளர்ச்சி என்றால், ஒரு முனை ஒடுங்கியும் மறுமுனை அகன்றும் நிற்கும். ஒயர் கூடையில் சிவன் கண்ணும் நெல்லிக்காய் முடிச்சும் போட்டுப் பழகிய கைகளுக்கு இந்தச் சீர் சுலபமாக வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவ்வப்போது முடிச்சுகளை மேல்நோக்கித் தள்ளி நெருக்கிவிடுவார்கள்; அந்த நெருக்கத்தில்தான் பட்டைக்கு உடம்பு வருகிறது.

பக்கிளைத் தொட்டுவிட்டோமா? மீதிக் கயிற்றைக் கடைசி இரண்டு மூன்று முடிச்சுகளுக்குள் பொந்து ஊசியால் நுழைத்து மறைத்து, ஒட்ட வெட்டி, லைட்டரைக் காட்ட வேண்டும். நைலான் 220 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகும் பொருள். அதன் சில வகைகள் 260 டிகிரி வரை தாங்கும். நுனி பளபளவென்று உருகி உருண்டு வரும்போது கத்தியின் தட்டைப் பகுதியாலோ லைட்டரின் உலோக விளிம்பாலோ அழுத்தினால் பிறகு பிரியாது. விரலால் மட்டும் தொடவே கூடாது! உருகிய நைலான் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். பிள்ளைகள் பின்னுகிற மேசையில் இந்த ஒரு வேலையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்.

பக்கிளைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். உள்ளே நுழைகிற பாதியில் இரண்டு வளையும் கைகள். நுழையும்போது அவை உட்பக்கம் நெருங்கி, வாசலைத் தாண்டியதும் விரிந்து, கிளிக் என்று மாட்டிக்கொள்ளும். இரு பக்கமும் அழுத்தினால் விட்டுவிடும். மணிக்கட்டு வளைவுக்கு ஏற்றபடி பக்கிளும் லேசாக வளைந்தே இருக்கும். சிறுவர் கைக்கு 3/8 அங்குலமும் பெரியவர்களுக்கு 5/8 அங்குலமும் நன்றாகப் பொருந்தும். சில பக்கிள்களில் குட்டி விசில் ஒளிந்திருக்கும்! சிலவற்றில் தீப்பொறிக் குச்சி. அந்தக் குச்சி ஃபெரோசீரியம் என்ற கலவை உலோகம். 1903இல் அதற்குக் காப்புரிமை பெற்றவர் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக். நம் கல்யாண வீடுகளில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டிலுக்கும் மூலவர் அவரே. ஒரே மனிதரின் மூளை, ஒரு பக்கம் திருவிழா வெளிச்சம், மறுபக்கம் கைப்பட்டைக்குள் ஒரு தீப்பொறி. எனக்கு இது போதும், நாளெல்லாம் சந்தோஷமாக இருப்பேன்.

இரண்டு நிறப் பட்டை எப்படி வருகிறது என்ற ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கயிற்றின் முனையில் உள்ளிழைகளை உருவிக் கொஞ்சம் வெட்டிவிட்டு உறையைக் காலியாக்குவார்கள். அந்தக் காலி உறைக்குள் மற்ற நிறக் கயிற்றின் நுனியைச் செருகி, சூடு காட்டி ஒட்டிவிடுவார்கள். இணைப்பை நடுவிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தால் அது முடிச்சுகளுக்கு அடியில் போய் மறைந்துவிடும். பின்னியதும் முகப்பில் ஒரு நிறம் நடுவே ஓடும், மற்றது இரு விளிம்பிலும் நிற்கும். பட்டையைத் திருப்பிப் பாருங்கள், அப்படியே தலைகீழ்!

கோப்ராவின் மேல் இன்னொரு கோப்ரா போட்டால் கிங் கோப்ரா. மீன்வால், டிரைலோபைட் என்று வேறு வேறு பின்னல்கள் இருக்கின்றன. கிளிஃபோர்ட் ஆஷ்லி பதினொரு ஆண்டு உழைத்து 1944இல் வெளியிட்ட முடிச்சுக் களஞ்சியத்தில் 3,800க்கும் மேற்பட்ட பதிவுகள். அந்தப் பழைய முடிச்சுகளை ஒன்றோடொன்று கலந்து புதிய பின்னல்களை உருவாக்கி, புத்தகமாகவும் காணொளியாகவும் தந்தவர் ஜே.டி. லென்சன். அவருடைய பாராகார்டு ஃப்யூஷன் டைஸ் முதல் தொகுதி 2012இல் வந்தது. கலிஃபோர்னியாவில் 2003இல் கரோலின் பிளாஷெக் தொடங்கிய ஆபரேஷன் கிராட்டிட்யூட் அமைப்பு சிப்பாய்களுக்கு அனுப்புகிற பெட்டிகளில், முன்பின் தெரியாத தன்னார்வலர்கள் கையால் பின்னிய இந்தப் பட்டைகளும் போகின்றன.

இந்தப் பட்டையில் பசை கிடையாது, தையல் கிடையாது. உருக்கிய நுனியை வெட்டிவிட்டு உருவினால் மொத்தமும் பிரிந்து இரண்டரை மீட்டர் கயிறாகக் கையில் வந்து விழும். ஷூ கயிறு அறுந்தால் ஷூ கயிறு, கூடாரம் சரிந்தால் கூடாரக் கயிறு. உறையை உருவினால் ஏழு இழைகள். தூண்டில் போடலாம், பையைத் தைக்கலாம். ஆனால் 250 கிலோ என்ற எண்ணை நம்பி யாரும் இதில் தொங்கிவிடாதீர்கள்! அது கயிற்றின் கணக்கு. பக்கிளுக்கு அந்தப் பலம் கிடையாது. கயிறும்கூட மலையேறுவதற்குச் செய்யப்பட்டதல்ல. குழந்தைகளுக்கு என்றால் பலமாக இழுபட்டால் தானே விட்டுவிடுகிற பாதுகாப்பு பக்கிளைத்தான் போட வேண்டும். எங்காவது மாட்டிக்கொண்டால் கை தப்பும்.

கயிறு வாங்கும்போது முனையை வெட்டி உள்ளிழைகளை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். பாராகார்டு என்ற பெயரில் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் உறையையும் விற்கிறார்கள். முதல் பட்டைக்குக் கருப்பு வேண்டாம். முடிச்சு கண்ணுக்குப் பிடிபடாது. பளிச்சென்று இரண்டு நிறம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிறம் முதல் முடிச்சில் மேலே போனதோ அதே நிறம் கடைசி வரை மேலே போக வேண்டும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஒரு மாலைப்பொழுதில் உங்கள் கையில் பட்டை தயார்.