நடக்க முடியாது என்று மறுபடியும் எழுதித் தாருங்கள்

இங்கிலாந்தில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கவுன்சில் கொடுக்கும் வாகன நிறுத்த அட்டைக்கு ‘ப்ளூ பேட்ஜ்’ என்று பெயர். அதிகபட்ச ஆயுள் மூன்று ஆண்டு. அது தானாகப் புதுப்பிக்கப்படாது. ஒவ்வொரு முறையும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். காலையே இழந்தவருக்கும் இதே விதிதான். “மூணு வருஷத்தில கால் முளைச்சிருக்குமோ?” என்ற கேள்வியை லண்டன் தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கலாம். நியாயமான கோபம். ஆனால் கவுன்சிலுக்குத் தெரிவது ஆள் அல்ல, தாள்.

மான்செஸ்டர் எம்.பி. ஆல்ஃப் மோரிஸ் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேற்றிய 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த சலுகை இது. 1971இல் ஆரஞ்சு நிற அட்டையாக வந்தது, 2000இல் நீலமானது. சரக்கு ஏற்றி இறக்கத் தடை இல்லாத மஞ்சள் கோடுகளில் மூன்று மணி நேரம் வரை காரை நிறுத்தலாம். வந்து சேர்ந்த நேரத்தைக் காட்டும் அட்டைக் கடிகாரமும் கண்ணாடியோரம் இருக்க வேண்டும். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர், சிட்டி, கென்சிங்டன்-செல்சி, கேம்டனின் ஒரு பகுதி ஆகிய இடங்களில் மட்டும் விதி வேறு. தெரியாமல் போய் அபராதச் சீட்டோடு திரும்புகிறவர்கள் உண்டு. பேட்ஜ் ஆளுக்குரியது, காருக்குரியது அல்ல. தாத்தாவை வீட்டில் உட்காரவைத்துவிட்டு அவருடைய பேட்ஜை மட்டும் கடைக்குக் கூட்டிப்போகிற பிள்ளைகள் நம்மிலும் இருக்கிறார்கள். பிடிபட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம்.

விண்ணப்பத்தில் நம் பெரியவர்கள் சறுக்குவது ஒரே இடத்தில்தான். வீட்டிலிருந்து எதுவரை நடப்பீர்கள், எவ்வளவு நேரம் பிடிக்கும், மூச்சு வாங்குமா, வலிக்கு என்ன மருந்து என்று கேள்விகள் வரும். மகள் கணினி முன் உட்கார்ந்து கேட்கிறாள். “பக்கத்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நடப்பன் பிள்ளை, அது ஒண்டும் பிரச்சினையில்லை.” மகள் அப்படியே தட்டச்சு செய்கிறாள். வழியில் இரண்டு மதிற்சுவர்களைப் பிடித்து நிற்பதும், மற்றவர்கள் ஐந்து நிமிடத்தில் நடக்கும் தூரத்துக்கு இருபது நிமிடம் எடுப்பதும், போய்வந்தால் அன்று மாலை மாடிப்படி ஏற முடியாமல் போவதும் விண்ணப்பத்தில் ஏறவில்லை. கஷ்டத்தை ஊருக்குச் சொல்லாமல் இருப்பது நமக்கு மானம். படிவத்தைப் படிக்கும் அதிகாரிக்கு அது ‘நன்றாக நடக்கிறார்’. நேரில் வரச் சொல்லிப் பரிசோதிக்கும் பிசியோதெரபிஸ்ட் முன்னாலும் இதே கதைதான்: வந்த விருந்தாளிக்கு மரியாதை செய்வதுபோல நிமிர்ந்து நடந்து காட்டுவார்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. ‘சமாளிக்கிறேன்’ என்ற சொல்லை மட்டும் படிவத்தின் பக்கம் விடாதீர்கள்.

இந்தப் பரிசோதனை எல்லோருக்கும் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் ‘பிப்’ (PIP) உதவித்தொகையில் நடக்கும் திறனுக்கான பிரிவில் 8 புள்ளியோ அதற்கு மேலோ பெற்றவர்களுக்கும், பார்வையிழந்தோர் என்று பதிவானவர்களுக்கும் நேரடித் தகுதி உண்டு. 2019 ஆகஸ்ட் 30 முதல் வெளியே தெரியாத குறைபாடுகளும் இங்கிலாந்தில் கணக்கில் வருகின்றன. அதில் ஒரு விசித்திரம்: ‘பிப்’பின் பயணத் திட்டமிடலுக்கான பிரிவில், வெளியே கிளம்பினாலே மனம் தாங்கமுடியாமல் தத்தளிப்பவர் என்று 10 புள்ளி பெற்றவருக்கு நேரடித் தகுதி, அதே பிரிவில் 12 புள்ளி வாங்கியவரோ மேலும் விளக்கம் தந்து நிரூபிக்க வேண்டும். சட்டம் எழுதியவர்கள் இதை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்திருக்கலாம்.

‘பிப்’ கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறவர்கள் பலர். புள்ளிகள் உள்ளே இருக்கின்றன. எல்லாப் பக்கங்களும் போக வேண்டும். உதவித்தொகை ஓராண்டில் முடிவதானால் பேட்ஜும் அன்றே முடியும், மூன்றாண்டு கிடைக்காது. உதவித்தொகையை நீட்டித்துக் கடிதம் வந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள்.

முடிவு வர 12 வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். தேதி கடந்த பேட்ஜுக்குச் சலுகைக் காலம் என்று எதுவும் இல்லை. ஆகவே மூன்று மாதம் முன்பே தொடங்குவதுதான் உத்தமம். கட்டணம் இங்கிலாந்தில் 10 பவுண்டுக்கு மேல் போகாது, வேல்ஸில் இலவசம். கூடுதலாகக் கேட்கும் இணையதளம் அரசினுடையது அல்ல, இடைத்தரகருடையது.

மாற்றுத்திறனாளிகளுக்கான இலவச பஸ் பாஸுக்குத் தனி விண்ணப்பம். ப்ளூ பேட்ஜ் இருப்பதாலேயே கைக்கு வந்துவிடாது. கேட்கும் திறனோ பேச்சோ இல்லாதவர்கள், மருத்துவக் காரணத்தால் ஓட்டுநர் உரிமம் மறுக்கப்படக்கூடியவர்கள் என்று அதன் தகுதிப் பட்டியலே வேறு. வலிப்பு நோயுள்ள பலருக்கு இது தெரிவதில்லை. வேறு கவுன்சில் எல்லைக்கு வீடு மாறினால் புதிய கவுன்சிலில் புது பாஸ் வாங்க வேண்டும். லண்டனுக்கு வெளியே வார நாட்களில் காலை 9.30 முதல் இரவு 11 வரைதான் சட்டப்படியான இலவசப் பயணம். ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் அப்பாயின்ட்மென்ட் என்றால் பாஸ் கையில் இருந்தும் காசு கொடுக்க வேண்டியிருக்கும். சில கவுன்சில்கள் தங்கள் செலவில் இந்த நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியிருக்கின்றன. உங்கள் கவுன்சில் அதில் ஒன்றா என்று விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள்.