துளை முதலில், மணி பிறகு

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. அங்கே கிடைக்கும் பழங்காலக் கண்ணாடி மணிகள் பெரும்பாலும் 5 மில்லிமீட்டருக்கும் சிறியவை. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு என ஒவ்வொரு மணிக்கும் ஒரே நிறம். நடுவில் நூல் கோக்க ஒரு துளை. கல்மணி என்றால் துளையைக் கடைந்து எடுப்பார்கள். ஒவ்வொரு மணிக்கும் தனித்தனி உழைப்பு. இத்தனை சிறிய கண்ணாடி மணிகளை ஆயிரமாயிரமாக அப்படித் துளைத்துக் கொண்டிருக்க முடியுமா? யாரும் துளைக்கவில்லை. இங்கே முதலில் பிறப்பது துளைதான்.

உருகிய கண்ணாடியை நீண்ட, உள்ளீடற்ற இரும்புக் குழாயின் முனையில் அடுக்கடுக்காகச் சேர்த்துப் பெரிய கூம்பாக உருட்டுகிறார்கள். குழாய்க்குள் ஒரு கம்பியைச் செலுத்திக் கூம்பின் நடுவே வழி உண்டாக்குகிறார்கள். பிறகு அந்தக் கூம்பை உலைக்குள் வைத்து, எதிர்ப்பக்கத்து வாயில் வழியாகக் கொக்கியால் அதன் நுனியைப் பற்றி இழுக்கிறார் ஒரு தொழிலாளி. இளகிய கண்ணாடி மெல்லிய குழலாக நீண்டு வருகிறது. நடுவில் இருந்த வழியும் அதோடு சேர்ந்து நீள்கிறது. உலை அணையாமல், கை ஓயாமல், கூம்பு தீரும் வரை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மூங்கில் கழியில் சுற்றிய ஜவ்வு மிட்டாயை இழுப்பது போன்ற வேலைதான். ஆனால் இங்கே உருவம் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் வெற்றிடமும் குலையக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூம்பின் குறுக்களவு ஓரிடத்தில் 10 சென்டிமீட்டர், நடுத்துளை 2.5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழலாக இழுத்தால் துளை 1 மில்லிமீட்டராகச் சுருங்கும். குறுக்களவு 25 மடங்கு குறைந்தால் நீளம் 625 மடங்கு கூடும். அதாவது, கூம்பின் 1 சென்டிமீட்டர் பகுதியிலிருந்து ஆறே கால் மீட்டர் குழல் வரும். அதை 3 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் இரண்டாயிரத்துச் சொச்சம் மணிகள். ஒரே ஒரு துளையைப் போட்டுவிட்டு, அதை இழுத்து இழுத்து ஆயிரக்கணக்கான மணிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள்!

இதற்கு இடம் கொடுப்பது கண்ணாடியின் குணம். பனிக்கட்டி ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் சட்டென்று நீராகிவிடும். கண்ணாடிக்கு அப்படி ஒரு புள்ளி கிடையாது. சூடேற ஏறக் கெட்டி நிலையிலிருந்து பாகு நிலைக்கு மெல்ல மெல்ல இளகும். அதிகம் இளகிவிட்டால் பரப்பு இழுவிசை துளையை மூடிவிடும். போதுமான சூடு இல்லாவிட்டால் குழல் முறிந்துவிடும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் குறுகிய இடைவெளியில்தான் இழுக்க வேண்டும். இன்று இணைய இணைப்புக்கு வீடு வரை வரும் ஒளியிழையும் இதே தத்துவத்தில் உருவாவதுதான்: தடித்த கண்ணாடித் தண்டில் வேண்டிய உள்ளமைப்பை முதலிலேயே செய்துகொண்டு, பிறகு மயிரிழையாக இழுக்கிறார்கள். அங்கே வெப்பத்தையும் வேகத்தையும் கருவிகள் கவனித்துக்கொள்கின்றன. மணி உலையில் கண்ணாடியின் நிறத்தைப் பார்த்துச் சூட்டை அறிவதும், கையில் உணரும் இழுவையைக் கொண்டு வேகத்தைக் கூட்டிக் குறைப்பதும் ஒரே மனிதர்.

இழுத்த குழல்களைக் கற்றையாகச் சேர்த்து, நட்டுவைத்த கூரிய தகட்டில் வைத்து நறுக்குகிறார்கள். வெட்டிய துண்டின் விளிம்பு கையைக் கீறும். அதனால் துண்டுகளைச் சாம்பலோடு கலந்து மறுபடி சூடேற்றிக் கிளறுகிறார்கள். விளிம்பு மழுங்கி மணி உருண்டுவிடும். சாம்பல் துளைக்குள் புகுந்து அதை அடையாமல் காக்கிறது. மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் பார்த்துக்கொள்கிறது.

நிறத்தின் கதை இதைவிட வியப்பானது. செம்பைச் சேர்த்து, உலையில் காற்று தாராளமாகப் புக விட்டால் கண்ணாடி நீலமாகவோ நீலப்பச்சையாகவோ வரும். அதே செம்பு, காற்று குறைந்து புகை சூழ்ந்த உலையில் ஆக்சிஜனை இழந்து, கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள்களாகக் கண்ணாடிக்குள்ளேயே படிந்தால் அடர் சிவப்பு! அரிக்கமேட்டின் புகழ்பெற்ற செங்காவி மணிகள் அப்படிப் பிறந்தவைதான். மஞ்சளுக்கு ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த கூட்டுப்பொருள், கருநீலத்துக்குக் கோபால்ட். மூலப்பொருளில் ஒன்றையும் மாற்றாமல், தீயை மட்டும் மாற்றி நிறத்தை மாற்றத் தெரிந்திருந்தவர்களை வேதியியலாளர்கள் என்று அழைக்க எனக்குத் தயக்கமே இல்லை.

1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழாய்வு செய்தபோது உலகின் கண் ரோமானியப் பானை ஓடுகள் மேல்தான் இருந்தது. மணிகளின் வீச்சு அதைவிடப் பெரியது என்பதை எடுத்துக்காட்டியவர்களில் முதன்மையானவர் அமெரிக்க மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ். ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ என்ற பெயர் அவர் வைத்ததுதான். ஆப்பிரிக்காவிலிருந்து கொரியா வரை இவ்வகை மணிகள் கிடைத்திருக்கின்றன. எல்லாமே அரிக்கமேட்டிலிருந்து போனவை அல்ல. இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் குளோங் தோம், வியட்நாமின் ஓக் இயோ ஆகிய இடங்களிலும் தயாரிப்பு நடந்திருக்கிறது. பொருள் மட்டுமல்ல, கைத்திறனும் கடல் கடந்திருக்கிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன். கிழக்கு இந்தோனேசியாவின் திமோர், புளோரஸ் தீவுகளில் இத்தகைய செம்மணிகள் இன்றும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் குடும்பச் சொத்து.

பிரான்சிஸின் தேடல் அவரை ஆந்திரத்தில், திருப்பதி - காளஹஸ்தி வட்டாரத்திலுள்ள பாப்பாநாயுடுபேட்டைக்குக் கொண்டுசேர்த்தது. மேலே நான் விவரித்த குழல் இழுக்கும் முறை அங்கே தொழிலாகவே வாழ்ந்துகொண்டிருந்தது. அரிக்கமேட்டில் கிடைத்த குழல் துண்டுகளும் உலைக் கழிவுகளும் எந்த வேலையின் மிச்சம் என்பதை அந்த ஊர்க்காரர்களின் கைகள்தான் விளங்கவைத்தன. ஆய்வகக் கருவி கண்ணாடியில் அலுமினா எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்லிவிடும். எந்த நொடியில் இழுக்கத் தொடங்க வேண்டும் என்று சொல்லாது. அது இழுத்துப் பழகியவருக்கும் அவரிடம் கற்றவருக்கும் மட்டுமே தெரியும். அதனால்தான் இந்தத் தொழில் நலிவதைப் பார்க்கும்போது, ஒரு நூலகம் வாடகைக்கு வழியில்லாமல் பூட்டப்படுவதைப் பார்ப்பது போன்ற பதைப்பு எனக்கு வருகிறது.

வாங்குபவர்களாகிய நாம் செய்யக்கூடியது உண்டு. முதலில், கைவேலையை அடையாளம் காணப் பழகலாம். பூதக்கண்ணாடியில் பாருங்கள்: கோடுகளும் நீண்ட காற்றுக் குமிழ்களும் துளைக்கு இணையாக ஓடினால் அது இழுத்த மணி. துளையைச் சுற்றி வளையம் வளையமாகப் போனால், கம்பியில் சுற்றிச் செய்தது. உத்தரப் பிரதேசத்தின் புர்தில்நகர் இவ்வகைக்குப் பேர்போன ஊர். பக்கவாட்டில் தையல் போல ஒரு வரம்பு தெரிந்தால் அச்சில் அழுத்தி எடுத்ததாக இருக்கலாம். பிளாஸ்டிக்கைக் கண்டுபிடிக்கக் கருவியே வேண்டாம். கண்ணாடி உடல் சூட்டை வேகமாக இழுப்பதால் தொட்டதும் குளிரும், பிளாஸ்டிக் குளிராது. ஒரே சரத்தில் மணிக்கு மணி அளவு சற்று மாறியிருந்தால் அதைக் குறையென்று சொல்லி விலையைக் குறைக்கக் கேட்காதீர்கள். குழலை இழுத்த வேகம் அங்கங்கே மாறியதன் தடம் அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு கழுத்துமாலைக்காக யாரும் உலை மூட்ட முடியாது. ஒரு கூம்பு இழுத்தால் ஒரே நிறத்தில் மலைபோல் மணி சேர்ந்துவிடும்; அத்தனையும் விற்றாக வேண்டும். ஆகவே கண்காட்சியில் ஒரு சரம் வாங்குவதோடு, நகை கோப்பவர்களும் துணிக்கடைக்காரர்களும் கல்லூரி விழாக் குழுவினரும் ஒன்றுசேர்ந்து, ‘இந்த நிறத்தில் இத்தனை கிலோ’ என்று முன்பணம் கொடுத்துச் சொல்லிவைப்பதுதான் உலைக்குப் பலன் தரும். ஏனென்றால், விறகு வாங்கும் செலவு மணி விற்பதற்கு முன்பே வந்துவிடுகிறது.